சுவர்ப்பானையா, பெட்டியா? இரண்டு ஏக்கர் எலுமிச்சைக்குத் தேனீ வைப்பது பற்றி

எலுமிச்சைத்தோப்பு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். புளியங்குடிப் பக்கம் இரண்டு ஏக்கர் எலுமிச்சை இருக்கிறது. வரப்போரம் தென்னை, முருங்கை. கிணற்றுப் பாசனம்தான்.

எங்கள் பழைய மாட்டுத்தொழுவச் சுவரில் தாத்தா பதித்த மண்பானை ஒன்று இன்னும் இருக்கிறது. வெளிப்பக்கம் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை, உள்பக்கம் மூடி. ஐப்பசி, கார்த்திகையில் ஈ தானாக வந்து அடைகிறது. சித்திரை வெயிலில் போய்விடுகிறது. முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை புகை போட்டு அடையைப் பிழிந்து எடுப்பார்களாம்.

இப்போது ஒருவர் வந்து, "இருபது பெட்டி இத்தாலித் தேனீ வையுங்கள், காயும் கூடும், தேனும் கொட்டும்" என்கிறார். பெட்டிக்கு மானியமும் வாங்கித் தருவாராம். எனக்கு மூன்று சந்தேகம். இத்தாலி ஈயா, நம் ஊர் ஈயா? பானையை அப்படியே வைத்துக்கொண்டால் என்ன? மருந்து அடிக்கும் தோப்பில் ஈ தங்குமா?

அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மலையோரம் எழுதியது:

எங்கள் ஊரிலும் இப்படித்தான் ஒரு திட்டத்தில் பெட்டி கொடுத்தார்கள். பயிற்சி என்று அரை நாள் உட்காரவைத்து, போட்டோ எடுத்து, டீ கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த ஆவணிக்குள் பெட்டியில் ஈ இல்லை. பாதிப் பெட்டியில் கோழி முட்டையிடுகிறது, மீதி விறகாகிவிட்டது. தாத்தா பானைதான் சரி. அதற்குச் செலவும் இல்லை, ஏமாற்றமும் இல்லை.

கடையாலுமூடு எழுதியது:

தம்பி, இருபது பெட்டியில் ஆரம்பிக்க வேண்டாம். முதலில் ஒரு தாளை எடுத்து, சித்திரை முதல் பங்குனி வரை உங்கள் வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் எந்த மாசம் எது பூக்கிறது என்று எழுதுங்கள். நம் ஊர் ஈ அதற்கு மேல் அதிகம் பறக்காது. எந்த மாசம் காலியாக இருக்கிறதோ அந்த மாசம் ஈ ஓடும். பானையில் இருந்தாலும் ஓடும், தேக்குப் பெட்டியில் இருந்தாலும் ஓடும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தத் தொழில் நிற்கிறது என்றால் அதற்குக் காரணம் ரப்பர். மார்கழியில் இலை உதிர்ந்து, தை, மாசியில் செம்பு நிறத்தில் தளிர் விடும். மூன்று இலையும் காம்போடு சேருகிற இடத்தில் பொட்டுப் பொட்டாகச் சுரப்பி இருக்கும். காலையில் போய்ப் பார்த்தால் அதில் பளபளவென்று ஈரம் நிற்கும், தொட்டு நாக்கில் வைத்தால் இனிக்கும். எங்கள் தேனில் பெரும்பங்கு அதுதான். பூவிலிருந்து வருவதில்லை, இலைக் காம்பிலிருந்து வருவது. வெளியூர்க்காரர்கள் இதை நம்பவே மாட்டார்கள்.

அந்தத் தளிரில் மகரந்தம் கிடையாது. கூட்டில் வளரும் குஞ்சுப் புழுவுக்கு வேண்டிய மகரந்தத்தை ஈ தென்னையிலும் தொட்டாச்சிணுங்கியிலும்தான் எடுத்து வரும். ஆக ரப்பர் மட்டும் இருந்தாலும் ஆகாது.

அப்புறம் ஆனி தொடங்கிப் புரட்டாசி வரை மழை, பட்டினி. அந்த மூன்று நான்கு மாசம் ஈயைக் காப்பாற்றிக் கரை சேர்ப்பவன்தான் தேன்காரன். ஐப்பசியில் கூடு மறுபடி பெருகும், ஒன்றை இரண்டாகப் பிரிப்போம். மார்கழிக்குள் பெட்டி நிறைய ஈ நிற்க வேண்டும். தை மாசம் வந்த பிறகு ஈயைப் பெருக்க நினைத்தால், பெருகி முடிப்பதற்குள் தளிர் முற்றிவிடும்.

உங்களிடம் ரப்பர் கிடையாது. அதனால் எங்கள் கணக்கை அப்படியே உங்கள் ஊருக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.

பூச்சியியல்_மாணவி எழுதியது:

ஐயா சொன்ன பூக்கணக்கு முக்கியமானது. ஒன்று சேர்க்கிறேன். இத்தாலித் தேனீ நம் நாட்டுக்கு வந்து நிலைத்தது 1962-இல், அப்போது பஞ்சாபில் இருந்த நக்ரோட்டாவில். கடுகு, லிச்சி, யூகலிப்டஸ் என்று மாறி மாறிப் பூக்கும் வடக்கில் அது பிரமாதமாக வந்தது. ஒரு கூட்டில் நம் ஈயைப் போல மூன்று, நான்கு மடங்கு தேன் எடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அங்கே அதை வைத்திருப்பவர்கள் பூவைத் தேடி லாரியில் பெட்டியை ஏற்றி மாநிலம் மாநிலமாகப் போகிறவர்கள். ஒரே இடத்தில் நிறுத்திவைத்தால் அது தின்னும் தீனியும் அதிகம்.

இன்னொன்று, வரோவா உண்ணி. அது ஆதியில் நம் ஆசியத் தேனீயோடு வாழ்ந்த உண்ணி. நம் ஈ அதைக் கடித்துத் தள்ளத் தெரிந்தது. மேற்கத்தித் தேனீக்கு அந்தப் பழக்கம் போதாது. அதனால் இத்தாலி வைத்தால் உண்ணிக்கும் சேர்த்து வேலை பார்க்க வேண்டும்.

இரண்டு ஏக்கர் எலுமிச்சைக்கு, அதுவும் முதல் தடவை வைப்பவருக்கு, நம் ஊர் இந்தியத் தேனீ போதும் என்பது என் கருத்து.

எலுமிச்சைத்தோப்பு எழுதியது:

நன்றி ஐயா, நன்றி தங்கச்சி. பூக்கணக்கு எழுதிப் பார்த்தேன். எலுமிச்சையும் தென்னையும் கொஞ்சம் கொஞ்சமாக வருஷம் முழுக்கப் பூக்கிறது. முருங்கை மாசி, பங்குனியில். அக்கம்பக்கத்தில் புளி, வேம்பு இருக்கிறது. ஆடியிலும் ஆவணியிலும்தான் ஒன்றும் இல்லை, காற்று வேறு பிய்த்துக்கொண்டு போகும்.

பெட்டி எதற்கு என்றுதான் இன்னும் புரியவில்லை. ஈ அதே ஈ, பூ அதே பூ. பானையில் இருந்தால் என்ன?

மலையோரம் எழுதியது:

அதைத்தான் நானும் கேட்கிறேன். வெள்ளைக்காரன் அவன் ஈக்குச் செய்த பெட்டியைக் கொண்டுவந்து நம் தலையில் கட்டிவிட்டார்கள்.

கடையாலுமூடு எழுதியது:

மலையோரம் அண்ணாச்சி, பாதி சரி. சட்டம், அதாவது ஈ அடை கட்டும் மரச்சட்டகம், போட்ட பெட்டியைக் கண்டுபிடித்தது அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார், 1851-இல். அடைக்கும் அடைக்கும் இடையில் ஈ நடந்து போக ஓர் அளவு இடைவெளி விட்டால் அதை மெழுகால் அடைக்காது, விட்டுவைக்கும் என்று பார்த்தார். அந்த ஒரு அளவு தெரிந்த பிறகுதான் அடையை உடைக்காமல் சட்டத்தோடு வெளியே எடுத்து, பார்த்து, திரும்ப வைக்க முடிந்தது.

அந்தப் பெட்டி நம் ஈக்குப் பெரிது. அதனால்தான் 1910-களில் திருச்சியில் இருந்த நியூட்டன் பாதிரியார் நம் ஈயின் உடம்புக்கும் கூட்டுக்கும் ஏற்ற மாதிரிச் சின்னதாக ஒன்று செய்தார். இன்றைக்கும் நியூட்டன் பெட்டி என்றுதான் பெயர். கீழறைச் சட்டம் கிட்டத்தட்ட 20 செ.மீ. அகலம், 14 செ.மீ. உயரம். மேலறைச் சட்டம் 6 செ.மீ. உயரம்தான். கீழே ராணியும் புழுவும், மேலே தேன். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹேட்ச் காலத்தில், கோழி வளர்ப்பு, நெசவு என்று சொல்லிக்கொடுத்ததோடு தேனீயும் சேர்ந்தது. அப்போது இது திருவிதாங்கூர். நிலம் இல்லாதவன் வீட்டுத் திண்ணை ஓரத்தில் இரண்டு பெட்டி வைத்துப் பிழைக்கலாம் என்பதுதான் அதன் நோக்கம். ஹேட்ச் அமெரிக்கர்தான், ஆனால் பெட்டி நம் ஈயை அளந்து செய்தது.

பானையில் தேன் எடுக்கும்போது என்ன நடக்கிறது என்று தம்பியே பார்த்திருப்பீர்கள். அடை முழுவதையும் பிழிகிறோம். மேல்பாகம் தேன், நடுவில் மகரந்தம், அடியில் முட்டையும் புழுவும். எல்லாம் ஒன்றாகப் போகிறது. தேனும் கலங்கல், ஈக்கு அடுத்த தலைமுறையும் இல்லை, வீடும் இல்லை. ஓடாமல் என்ன செய்யும்? பெட்டியில் மேலறைச் சட்டத்தை மட்டும் எடுத்து, மூடிய மெழுகைக் கத்தியால் சீவி, சுழற்றும் இயந்திரத்தில் வைத்துச் சுற்றி, காலி அடையைத் திரும்பக் கொடுத்துவிடுகிறோம். அடை கட்ட ஈக்கு ஆகும் தேனும் உழைப்பும் மிச்சம்.

செல்வி_நத்தம் எழுதியது:

எங்கள் குழுவில் உள்ள பெண்கள் சிலர் பெட்டி வைத்திருக்கிறோம். மாவும் புளியும்தான் எங்களுக்கு. தம்பி, பானையில் இருக்கிற ஈயையே பெட்டிக்கு மாற்றலாம். காசு கொடுத்து ஈ வாங்க வேண்டாம். நாங்கள் செய்வதைச் சொல்கிறேன்.

மாலை நாலரை, ஐந்து மணிக்கு ஆரம்பிக்க வேண்டும். தேங்காய் நார்ப் புகை இரண்டு ஊது போதும், அதிகம் போட்டால் ஈ மிரண்டுவிடும். உள்மூடியைத் திறந்து, ஓரத்து அடையை முதலில் அறுத்து எடுங்கள். தேன் அடையைத் தனிப் பாத்திரத்தில் போடுங்கள். புழு உள்ள அடையைச் சட்டத்தின் அளவுக்கு வெட்டி, மேல்பக்கம் மேலேயே இருக்கும்படி (தலைகீழாக வைத்தால் போச்சு) சட்டத்துக்குள் வைத்து, நனைத்த வாழைநாரால் இரண்டு இடத்தில் சுற்றிக் கட்டுங்கள். நான்கைந்து நாளில் ஈ அடையைச் சட்டத்தோடு ஒட்டிவிட்டு, நாரைத் தானே கடித்துக் கடித்து வெளியே இழுத்துப் போட்டுவிடும். காலையில் பெட்டி வாசலில் நார்த் துணுக்கு கிடந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

ராணி பெட்டிக்குள் வந்ததா என்று பார்ப்பதுதான் முக்கியம். வந்தால் மற்ற ஈ தானாக வரும். வாசலில் நின்று வாலைத் தூக்கி இறக்கையை விசிறும். அதைப் பார்த்தால் நிம்மதி. சில நாள் வாசலில் ராணித் தடுப்புத் தகடு போட்டு வையுங்கள். வேலைக்கார ஈ நுழையும், ராணி வெளியே போக முடியாது. அதை மாசக்கணக்கில் விட்டுவிடக் கூடாது, ஆண் ஈயும் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

பானையை உடைத்துவிட வேண்டாம். உள்ளே கொஞ்சம் மெழுகு தடவி வைத்தால் அடுத்த ஐப்பசியில் இன்னொரு கூட்டம் வந்து அடையும்.

எலுமிச்சைத்தோப்பு எழுதியது:

அக்கா, இப்படிப் படிப்படியாக யாரும் சொன்னதில்லை. மிக்க நன்றி.

ஆதிஸ்_போய்வந்தவன் எழுதியது:

கொஞ்சம் வேறு ஊர்க்கதை. எத்தியோப்பியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் சில வருஷம் வேலை பார்த்தேன் (நம் ஊர் வாத்தியார்கள் அங்கே நிறையப் பேர்). ஆப்பிரிக்காவிலேயே அதிகம் தேன் எடுக்கும் நாடு அது. தென்மேற்குக் காட்டுப்பக்கம் போனால், குடைந்த மரத்துண்டையும் மூங்கில் உருளையையும் உயரமான மரக்கிளைகளில் வரிசையாக மாட்டியிருப்பார்கள். அங்கேயும் சட்டப்பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஆனாலும் மிகப் பெரும்பாலான கூடுகள் இன்னும் பழைய உருளைகள்தான்.

பிடிவாதம் என்று வெளியாட்கள் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே தேனில் பெரும்பங்கு தேஜ் என்ற தேன்மது காய்ச்சுவதற்குப் போகிறது. காய்ச்சுபவர்கள் அடை, மெழுகு, மகரந்தம் எல்லாம் கலந்த தேனை அப்படியே வாங்கிக்கொள்கிறார்கள். வடிகட்டிய சுத்தமான தேனுக்குத் தனி விலை இல்லாத சந்தையில், பெட்டி, சுழற்றும் இயந்திரம், அடித்தள மெழுகுத்தாள் என்று எவன் கடன் வாங்குவான்? தவிர, பிழிந்தெடுக்கும் முறையில் மெழுகு நிறையக் கிடைக்கும். மெழுகையும் அந்த நாடு ஏற்றுமதி செய்கிறது.

இடைப்பட்ட ஒரு வழியும் அங்கே பார்த்தேன். சட்டம் கிடையாது, நீளப் பெட்டியின் மேல் வெறும் குச்சிகளை அடுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு குச்சியிலும் ஓர் அடை தொங்கும். எழுபதுகளில் கென்யாவில் உருவானது. எந்தத் தச்சரும் செய்துவிடலாம், இயந்திரம் வேண்டாம். தேன் உள்ள குச்சியை மட்டும் எடுத்து அறுத்துக்கொள்ளலாம், புழு அடையைத் தொட வேண்டியதில்லை.

மலையோரம் அண்ணன் சொன்ன கோழிக்கூட்டுக் கதைக்கும் இதுதான் காரணமாக இருக்கும். பெட்டியை யாருக்குக் கொடுக்கிறோம், அவர் தேனை யாரிடம் விற்கப் போகிறார் என்று கேட்காமலே கொடுத்துவிடுகிறார்கள்.

மலையோரம் எழுதியது:

இது நியாயமான பேச்சு. நான் பெட்டிக்கு எதிரி இல்லை. கொடுத்துவிட்டு அடுத்த வருஷம் யாரும் எட்டிப் பார்க்காததுதான் என் எரிச்சல்.

சந்தைக்காரன் எழுதியது:

விற்பனை பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். மொத்தத் தேன் வாங்கி விற்பது என் தொழில். உணவுப் பாதுகாப்பு விதிப்படி தேனில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ரப்பர் தேன் பெரும்பாலும் அதைத் தாண்டித்தான் வருகிறது. தை, மாசியில் வாரத்துக்கு ஒரு முறை மேலறையைச் சுற்றி எடுத்துவிடுகிறார்கள். ஈ இறக்கையால் விசிறி நீரை வற்றவைத்து மெழுகால் மூட நேரமே கொடுப்பதில்லை. மூடாத தேன் பாட்டிலில் போட்ட சில வாரத்தில் நுரைக்கும், புளித்த வாடை வரும். அப்புறம் வியாபாரி விலையைக் குறைக்கிறான் என்று என்னைத் திட்டுகிறார்கள்.

கடையாலுமூடு எழுதியது:

வியாபாரி ஐயா, திட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. சட்டத்தில் முக்கால் பாகம் மூடும் வரை காத்திருந்தால் எங்களுக்குத் தேனின் எடை குறைகிறது. காத்திருந்து எடுத்த தேனுக்கும், தண்ணீராக எடுத்த தேனுக்கும் நீங்கள் ஒரே விலைதானே போடுகிறீர்கள்? கெட்டித் தேனுக்குக் கிலோவுக்குக் கூடுதல் கொடுங்கள், நாளைக்கே எல்லோரும் காத்திருப்பார்கள்.

சந்தைக்காரன் எழுதியது:

ஈரம் பார்க்கும் கருவி இப்போது கையடக்கமாக வருகிறது. நான் இரண்டு விலை போடத் தயார். ஆனால் எனக்கு மேலே வாங்குகிற கம்பெனி ஒரே விலைதான் போடுகிறது, அவர்கள் இயந்திரத்தில் நீரை இழுத்துக்கொள்கிறார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவன் நான்.

கடையாலுமூடு எழுதியது:

அப்படியானால் கெட்டித் தேன் எடுப்பவன் உள்ளூரிலேயே பாட்டில் போட்டு விற்பதுதான் வழி. இருபது முப்பது பெட்டி வைத்திருப்பவனால் அது முடியும். முந்நூறு பெட்டிக்காரனுக்கு உங்களை விட்டால் ஆள் இல்லை.

புதுவாசகர் எழுதியது:

குறுக்கே ஒரு கேள்வி. மழைக்காலத்தில் சர்க்கரைப் பாகு கொடுப்பதாகச் சொல்கிறார்களே, அப்படியானால் நாம் வாங்குவது சர்க்கரைத் தேன்தானே? நான் வாங்கிய தேன் அடியில் உறைந்து கிடந்தது. தண்ணீரில் விட்டுப் பார்த்தேன், தீக்குச்சியில் தடவிக் கொளுத்திப் பார்த்தேன், ஒன்றும் புரியவில்லை.

பூச்சியியல்_மாணவி எழுதியது:

உறைவது கலப்படத்தின் அடையாளம் கிடையாது. குளுக்கோஸ் கூடுதலாக உள்ள தேன் சீக்கிரம் உறையும். ரப்பர் தேன் அப்படித்தான். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் இளகிவிடும், அடுப்பில் நேராக வைத்துக் காய்ச்ச வேண்டாம். தண்ணீர்ச் சோதனை, தீக்குச்சிச் சோதனை இரண்டாலும் எதுவும் தெரியாது. கெட்டியான சர்க்கரைப் பாகும் தண்ணீரில் அப்படியே அடியில் போய் உட்காரும்.

2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளை எடுத்து ஜெர்மனியில் காந்த ஒத்ததிர்வுச் சோதனை செய்தபோது மூன்றுதான் தேறின. அதில் விழுந்தவற்றில் பல, இங்குள்ள வழக்கமான ஆய்வகச் சோதனைகளில் தேறியவை. அந்தச் சோதனைகளில் அகப்படாதபடி வடிவமைத்த பாகு சந்தையில் இருக்கிறது. அப்படியிருக்க வீட்டுத் தீக்குச்சி என்ன செய்யும்?

கடையாலுமூடு எழுதியது:

பாகு விஷயத்தை நான் சொல்கிறேன், இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. சர்க்கரையும் தண்ணீரும் சரிக்குச் சரி, காய்ச்சி ஆறவைத்து, சிரட்டையில் ஊற்றி, ஈ மூழ்காமல் இருக்க இரண்டு ஈர்க்குச்சி போட்டுக் கீழறைக்குள் வைப்போம். சாயங்காலம் மட்டும்தான். பகலில் வைத்தால் பக்கத்துப் பெட்டி ஈ மோப்பம் பிடித்துக் கொள்ளையடிக்க வரும், வாசலில் சண்டை போட்டுச் செத்துக் கிடக்கும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும்.

இது ஆனி முதல் புரட்டாசி வரை. அப்போது மேலறையே கிடையாது, கழற்றி வைத்திருப்போம். கொடுத்தது அவ்வளவும் ஈயின் வயிற்றுக்கும் புழுவுக்கும் போய்விடும். தளிர் விடும் காலத்தில் மேலறை போட்ட பிறகும் பாகு ஊற்றுகிறவன் இருக்கிறான், அவன் திருடன். புதுவாசகர் ஐயா, இரண்டையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். பட்டினிக்காலத்தில் நம்மால் முடிந்த தீனியைக் கொடுக்காவிட்டால், தை மாசத்தில் தேன் எடுக்க ஈயே இருக்காது.

இன்னும் நல்ல வழி, கடைசி அறுவடையில் ஆசையை அடக்கி ஒன்றிரண்டு சட்டம் தேனை ஈக்கே விட்டுவிடுவது. செய்கிறவர்கள் குறைவு.

நிர்வாகி எழுதியது:

நினைவூட்டல்: விற்பனைத் தொலைபேசி எண் போட்ட இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. விவாதத்தைத் தொடருங்கள்.

பூச்சியியல்_மாணவி எழுதியது:

ஐயா, 1990-களில் வந்த நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல முடியுமா? பாடத்தில் தாய் புழுப்பை நோய் என்று இரண்டு பத்தி படித்திருக்கிறேன், நேரில் கண்டவர் சொல்லிக் கேட்டதில்லை.

கடையாலுமூடு எழுதியது:

1991, 92. தாய்லாந்தில் முதலில் கண்டதால் அந்தப் பெயர். வைரஸ். அதற்கு மருந்து அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

முதலில் ஈ கூட்டுக்குள் சும்மா நிற்கும், சுறுசுறுப்பு போய்விடும். சட்டத்தை எடுத்துப் பார்த்தால் மூடியிருக்க வேண்டிய அறைகள் திறந்து கிடக்கும். உள்ளே புழு மல்லாந்து, தலை மட்டும் படகின் முனை மாதிரி மேலே தூக்கி நிற்கும். தீக்குச்சியால் மெல்ல இழுத்தால் உடையாமல் ஒரு பையாக வெளியே வரும், பைக்குள் கலங்கல் தண்ணீர். நாற்றம் இருக்காது. சில வாரத்தில் ஈ அடையைப் போட்டுவிட்டு ஓடிவிடும். அப்புறம் மெழுகுப்பூச்சி ஏறும்.

குமரியிலும் கேரளத்திலும் பத்துக்கு ஒன்பது கூட்டுக்கு மேல் போனது. எங்கள் வீட்டில் ஒரு பெட்டி மிஞ்சவில்லை. பெட்டி செய்த தச்சர்கள் கட்டட வேலைக்குப் போனார்கள். ரப்பர் பால்வெட்டுக்குப் போனவர்கள், கேரளத்துக்குக் கொத்து வேலைக்குப் போனவர்கள் என்று தொழிலே கலைந்தது. அந்தச் சமயத்தில்தான் சிலர் இத்தாலி ஈக்கு மாறினார்கள்.

இதை ஏன் தம்பியின் பானையோடு சேர்த்துச் சொல்கிறேன் என்றால், மறுபடி ஈ கிடைத்தது காட்டு மரப்பொந்திலிருந்தும், பாறை இடுக்கிலிருந்தும், இந்த மாதிரிப் பழைய சுவரிலிருந்தும்தான். நோயைத் தாண்டிப் பிழைத்த கூட்டத்தைப் பிடித்து வந்து, பிரித்துப் பிரித்துப் பெருக்கினோம். பெட்டி வைத்திருந்த எங்களிடம் ஒன்றுமில்லாதபோது பானை வைத்திருந்தவன் வீட்டில் ஈ இருந்தது. பெட்டிக்காரன் தேனைப் பார்த்து ஈயைப் பிரிப்பான், பானையில் இருப்பது தன் சொந்த பலத்தில் நிற்கும். அதனால் எவன் பெட்டி வைத்தாலும் ஊரில் நாலு பானையும் பொந்து விழுந்த நாலு மரமும் இருக்கட்டும் என்பேன்.

இப்போதும் அந்த நோய் அங்கங்கே வந்து போகிறது. கண்டால் அந்தப் பெட்டிச் சட்டத்தை வேறு பெட்டிக்கு மாற்றாதீர்கள், கையையும் கத்தியையும் கழுவுங்கள். ராணியைக் கொஞ்ச நாள் கூண்டில் அடைத்து முட்டையிடுவதை நிறுத்தினால் புழு இல்லாமல் நோய் தணிவதுண்டு. கூடு பிரிக்கும்போது நோய் தாங்கிய கூட்டிலிருந்து மட்டும் ராணி எடுங்கள்.

மலையோரம் எழுதியது:

ஐயா, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் சண்டைக்கே வந்திருக்க மாட்டேன்.

எலுமிச்சைத்தோப்பு எழுதியது:

படித்துவிட்டுத் தொழுவச் சுவரைப் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தேன். வீட்டில் அதை இடித்து ஷெட் போடலாம் என்று பேச்சு இருக்கிறது, இப்போதைக்கு நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.

மருந்து விஷயம்தான் மிச்சம். எலுமிச்சைத் தளிரில் இலைத்துளைப்பான் வரும்போது இமிடாகுளோப்ரிட் அடிக்கிறோம். தளிரும் பூவும் பல சமயம் ஒன்றாக நிற்கிறது.

பூச்சியியல்_மாணவி எழுதியது:

அண்ணா, அந்த மருந்து செடிக்குள் ஊடுருவிப் பூந்தேனிலும் மகரந்தத்திலும் இறங்கும். சாயங்காலம் அடித்தால் போதும் என்று சிலர் சொல்வது தொட்டால் கொல்லும் மருந்துக்கு ஓரளவு பொருந்தும், ஊடுருவும் மருந்துக்குப் பொருந்தாது. ஈ உடனே சாகாவிட்டாலும் வழி தெரியாமல் கூடு திரும்பாது. பூ நிற்கும்போது அதைத் தொடவே வேண்டாம். வளர்ந்த மரத்துக்கு இலைத்துளைப்பானால் பெரிய நஷ்டம் கிடையாது, கன்றுக்குத்தான் கவலைப்பட வேண்டும். தாக்கிய தளிரைக் கிள்ளி எடுத்து, வேப்பெண்ணெய்க் கரைசலோடு நிறுத்திப் பாருங்கள்.

பக்கத்துத் தோப்புக்காரரிடமும் பேசிவையுங்கள். உங்கள் ஈ உங்கள் வரப்போடு நிற்காது. அவர் அடிக்கிற நாளைச் சொன்னால், முதல் நாள் இருட்டிய பிறகு வாசலை வலையால் மூடி, மேலே ஈரச் சாக்கு போட்டு நிழலில் வைத்து, மறுநாள் மாலை திறந்துவிடலாம். அதற்கு மேல் அடைத்துவைத்தால் உள்ளே புழுங்கிச் செத்துவிடும்.

செல்வி_நத்தம் எழுதியது:

பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு முதல் தேனில் ஒரு பாட்டில் கொடுங்கள் தம்பி. மருந்து அடிக்கிற நாளை அவரே வீட்டுக்கு வந்து சொல்வார்.

எலுமிச்சைத்தோப்பு எழுதியது:

சரி, முடிவு செய்துவிட்டேன். இருபது பெட்டிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. இரண்டு நியூட்டன் பெட்டி வாங்கி, ஐப்பசியில் பானைக்கு வரும் கூட்டத்தை ஒரு பெட்டிக்கு மாற்றுகிறேன், அக்கா சொன்ன முறையில். இன்னொரு பெட்டி பிரிப்பதற்கு. பானை அப்படியே இருக்கும். அதற்குள் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகப் பயிற்சிக்கும் ஒரு தடவை போய் வரலாம் என்று இருக்கிறேன்.

ஐயாவிடம் கடைசியாக ஒன்று. வாசல் எந்தப் பக்கம் இருக்க வேண்டும்? எங்கள் ஊர் ஆடிக்காற்றுக்குப் பெட்டி நிற்குமா? முதல் வருஷம் எவ்வளவு தேன் எதிர்பார்க்கலாம்?

கடையாலுமூடு எழுதியது:

முதல் வருஷம் தேனை எதிர்பார்க்காதீர்கள், ஈ நிலைத்தால் போதும். இரண்டாம் வருஷம் பெட்டிக்கு மூன்று, நான்கு கிலோ வந்தால் ரப்பர் இல்லாத ஊருக்கு அது நல்ல கணக்கு. உங்களுக்கு முதல் லாபம் எலுமிச்சைக் காயில் தெரியும்.

வாசல் கிழக்கே பார்த்து. காலை வெயில் விழுந்தால் ஈ சீக்கிரம் வேலைக்குக் கிளம்பும். மேற்கே ஒரு வாழை வரிசையோ ஓலைத் தட்டியோ காற்றுக்கு மறைப்பாக இருக்கட்டும். உச்சி வெயில் படாத மரத்தடி. இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஆறேழு அடி விடுங்கள். பெட்டியைத் தாங்கியோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டி, மேலே ஒரு செங்கல் வையுங்கள். சித்திரை, வைகாசியில் பக்கத்தில் அகலச் சட்டியில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைக்க வேண்டும். உங்கள் பானை ஈ அப்போது ஓடுவதற்குப் பாதிக் காரணம் சூடும் தண்ணீர் இல்லாததும்தான்.

தாங்கிக் கால் நான்கையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், எறும்பு ஏறாது. கிண்ணம் வற்றியிருக்கிறதா என்று தினம் பாருங்கள். பெட்டியைத் தினம் திறந்து பார்க்காதீர்கள், வாரம் ஒரு தடவை போதும். பஞ்சுருட்டான் குருவி கம்பியில் வரிசையாக உட்கார்ந்து ஈயைப் பிடிக்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது, விட்டுவிடுங்கள்.

ஐப்பசியில் கூட்டம் வந்ததும் இங்கே எழுதுங்கள். நான் திருநெல்வேலி வரை வருவதுண்டு, முடிந்தால் மாற்றுகிற அன்றைக்கு வந்து கூட நிற்கிறேன்.